பாப்பா இனி தூங்கலாம்

"நாளைக்குக் காலையில அதை வெளியே அனுப்பிடறேன் மாமா. இனிமே நீங்க காவல் காக்க வேண்டாம்."

மருமகள் சந்தோஷமாகச் சொன்ன அந்த வாக்கியத்தோடுதான் போன வாரம் நாம் அந்த வீட்டைவிட்டு வந்தோம். மாமனார் என்ன செய்தார், ஞாபகம் இருக்கும். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். தன் தட்டைத் தானே கழுவினால் மனிதருக்கு மனசு சரியில்லை என்று அர்த்தம்.

விடிந்து பார்த்தால், குளித்து, சட்டை போட்டு, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்புக்கு முன்னால் தயாராக உட்கார்ந்திருக்கிறார்.

"ஏம்மா, அந்த 'ஏறிட்டேன்' பட்டன் இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தா தேவலை."

"போன வாரம்தானே மாமா பெருசு பண்ணேன்."

"பண்ணினே. இல்லைங்கல. ஆனா விரல் நடுங்கறவங்களுக்கு அது பத்தாது."

மருமகள் பட்டனைப் பார்த்தாள். அது ஏற்கெனவே பாதித் திரையை அடைத்துக்கொண்டிருந்தது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமனாரின் மகள், அதாவது மருமகளின் நாத்தனார், வேன் ஓட்டுகிறாள். சிறுநீரகம் பழுதான நோயாளிகளை வீட்டிலிருந்து டயாலிசிஸ் நிலையத்துக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவள் தொழில். யாருக்கு எப்போது எந்த இருக்கை என்பதையெல்லாம் முன்பு போனில் கத்தியே தீர்த்துக்கொள்வாள். அந்தச் சத்தம் பொறுக்காமல்தான் மருமகள் ஓர் ஆப் எழுதிக் கொடுத்தாள்: நோயாளிகளே இருக்கையைப் பதிந்துகொள்ளலாம், வேனில் ஏறியதும் 'ஏறிட்டேன்' பட்டனை அழுத்தலாம். அப்போது அவள் பார்த்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். கணவனுக்கு வெளியூர் வேலை. பொழுதும் போக வேண்டுமே.

எழுதியது தன் லேப்டாப்பில் இல்லை. அது பழைய லேப்டாப், பிரவுசரைத் திறந்தாலே மூச்சு வாங்கும். அதனால் பிரவுசருக்குள்ளேயே, எங்கோ இருக்கிற ஒரு பெரிய கம்ப்யூட்டரில், தனக்கென்று ஓர் அறை எடுத்துக்கொண்டாள். கன்டெய்னர் என்பார்கள். புரோகிராம் எழுதவும் ஓட்டிப் பார்க்கவும் வேண்டிய சாமான் அத்தனையும் அதற்குள் அடுக்கி இருக்கும். எழுதியது ஓடுகிறதா என்று பார்க்க அந்த அறையே ஒரு தற்காலிக முகவரியும் தரும். மருமகள் அந்த முகவரியை நாத்தனாருக்கு அனுப்பி, சும்மா பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். நாத்தனார் சும்மா பார்க்கிற ஆளா? மறுநாளே தன் நோயாளிகள் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. அந்த அறையைக் கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் விட்டால் தூங்கிவிடும். அறை தூங்கினால் ஆப்பும் தூங்கும். ஒருநாள் மருமகள் குளிக்கப் போன நேரத்தில் அது தூங்கிவிட, நாத்தனார் வேனை ஓரங்கட்டிவிட்டுப் போனில் போட்ட கூச்சல் வீடு முழுக்கக் கேட்டது. அப்போதுதான் மாமனார் சோபாவிலிருந்து எழுந்து வந்து, "நான் பாத்துக்கறேம்மா" என்றார்.

அவர் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர். மோட்டார் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதிலேயே அவர் சர்வீஸ் முழுதும் போயிற்று. மனைவி இறந்த பிறகு மாடிப்படி இறங்கவில்லை. சட்டைகூடப் போடாமல் சோபாவில் கிடந்தவர், ஆப்புக்குக் காவல் என்றதும் வேளாவேளைக்குக் குளித்தார், சவரம் செய்துகொண்டார், மேஜைக்கு வந்தார். கடைசி நோயாளி வீடு போய்ச் சேரும்வரை அவருக்கு ட்யூட்டி. வீட்டில் அதற்குப் 'பாப்பா' என்று பெயரே வந்துவிட்டது. "பாப்பா முழிச்சிருக்கா மாமா?" என்று மருமகள் சமையலறையிலிருந்து கேட்பாள். "கொட்டக் கொட்ட முழிச்சிருக்கா" என்று பதில் வரும். பக்கத்து ஃபிளாட்காரி இதைக் கேட்டுவிட்டு, இவ்வளவு நல்ல செய்தியைத் தன்னிடம் சொல்லவில்லையே என்று முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது தனிக் கதை.

இப்போது அந்த வேலைக்குத்தான் ஆபத்து. அறை கொடுத்த கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது: இந்த மாதத்துக்கான இலவச நேரம் தீரப்போகிறது, தீர்ந்தால் அடுத்த மாதம்தான் கதவு திறக்கும். ஆப்பை அறையிலிருந்து எடுத்து, யார் காவலும் இல்லாமல் இராப்பகலாகத் தானே ஓடுகிற இடத்தில் குடிவைத்துவிட வேண்டும். டெப்ளாய் பண்ணுவது என்று மருமகள் சொல்வது இதைத்தான். அந்த வார்த்தையைக் கேட்டாலே மாமனார் பேச்சை மாற்றிவிடுவார். பட்டனைப் பெரிதாக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் அதனால்தான். உங்களுக்கும் எனக்கும் அது தெரியும். மருமகளுக்கு இன்னும் தெரியாது.

அவள் பட்டனைப் பெரிதாக்கினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டெப்ளாய்க்கான கட்டளையைத் தட்டினாள். மாமனார் பின்னால் நின்றுகொண்டார். கறுப்புத் திரையில் எழுத்துகள் வரிவரியாக மேலே ஓடின. ஓடிக்கொண்டே இருந்த எழுத்து சட்டென்று நின்று, சிவப்பாக ஒரு வரி வந்தது. முடியவில்லை.

மருமகள் உச்சுக் கொட்டிவிட்டுத் திரும்பினாள். மாமனாரின் முகத்தைப் பார்த்தாள்.

அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பரீட்சை தள்ளிப்போன பையனின் முகம் இருக்குமே, அது. அவர் உடனே அதை மறைத்துக்கொண்டு, "அடடா, என்னம்மா ஆச்சு" என்று வருத்தப்பட்டார். ஆனால் பார்த்தது பார்த்ததுதான்.

மருமகளுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. போன மாதம் நிறம் கண்ணைக் குத்துகிறது என்றார், மாற்றினாள். மணிச்சத்தம் பயமுறுத்துகிறது என்றார், மாற்றினாள். எழுத்து சின்னது, பின்பு எழுத்து பெரிது. மாமாவைப் போல நுணுக்கமாகச் சோதித்துப் பார்க்க ஆள் கிடைக்காது என்று கணவனிடம் பெருமை வேறு அடித்திருந்தாள். அத்தனையும் ஒரு நாள் தள்ளிப்போட, இன்னொரு நாள் தள்ளிப்போட. அவளுக்குக் கோபம் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் என்ன செய்வாள்? நேரம் தீர்ந்தால் வேன் நின்றுபோகும். அவள் பிழையைத் தேடினாள். வேனுக்கு வழிகாட்டும் வரைபடத்தை ஆப்புக்குள் திறக்க ஒரு ரகசியக் குறியீடு உண்டு, சாவி என்பார்கள். அதைப் பழைய அறையிலேயே மாட்டி வைத்துவிட்டு, புது இடத்தில் கதவைத் தட்டியிருக்கிறாள். சாவியை அங்கே சேர்த்துவிட்டு மறுபடி கட்டளை கொடுத்தாள். இந்த முறை எழுத்துகள் நிற்கவில்லை. கடைசி வரி பச்சையில் வந்தது.

புது முகவரியை நாத்தனாருக்கும் நோயாளிகள் எல்லோருக்கும் அனுப்பினாள்.

"அப்ப இனிமே?" என்றார் மாமனார்.

"இனிமே தானா ஓடும் மாமா. நீங்க ரெஸ்ட் எடுங்க."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஓய்வு பெற்ற அன்றைக்கும் அவரிடம் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். மனைவி இறந்த அன்றைக்கும் அதையேதான் சொன்னார்கள்.

"நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். பட்டனைக் கழற்றிச் சட்டையை ஆணியில் மாட்டினார். எழுதுகிற எனக்கே அந்தச் சட்டையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மருமகளைக் கேட்க வேண்டுமா?

அவள் அதையே நினைத்துக்கொண்டிருக்கையில் போன் அடித்தது. நாத்தனார். எடுத்த எடுப்பிலேயே சண்டைதான்.

பார்சல் ஆபீஸ் அம்மாவின் வீட்டு வாசலில் வேன் நிற்கிறதாம். பார்சல் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தனியாக இருக்கிற பெண்மணி அவர். முன்பெல்லாம் இரண்டு முறைக்கு ஒரு முறை வரமாட்டேன் என்று முரண்டு பிடிப்பார். இப்படி ஊசி குத்திக்கொண்டு யாருக்காக இருக்க வேண்டும் என்பார். ஆப் வந்த பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை. எல்லாம் ஆப் வந்த ராசி என்று நாத்தனாரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் இன்று பையை மடியில் வைத்துக்கொண்டு கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், ஏறமாட்டேன் என்கிறார்.

"இன்னிக்கு வரி வரலையாம். வரி வந்தாத்தான் வருவாங்களாம். போனைக் காட்டறாங்க, 'சோதனை சோதனை'ன்னு இருக்கு. என்ன வரி அது? என்னத்த எழுதித் தொலைச்சே நீ?"

மருமகள் தான் ஒன்றும் எழுதவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். நாத்தனார் நம்பவில்லை. நேரத்துக்குப் போகாவிட்டால் மெஷினை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், இன்றைக்கு விட்டால் அந்த அம்மா மறுபடி வரவே மாட்டார், அப்புறம் நடப்பதற்கெல்லாம் நீதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

'சோதனை சோதனை' மருமகளுக்குத் தெரியும். ஆரம்பத்தில் அவள் எழுதி வைத்ததுதான். வேன் கிளம்பியதும் நோயாளியின் போனில் மட்டும் திறக்கும் ஒரு பக்கத்தில், வண்டி தாமதம் என்றால் சொல்வதற்காக ஓர் இடம் விட்டிருந்தாள். நாத்தனார் எங்கே எழுதப் போகிறாள், வாயால் சொல்லிவிடுவாள். மருமகளும் அந்தப் பக்கத்தைப் பிறகு திறந்ததே இல்லை. அதில் என்ன வரி வரும்?

"அது நான் எழுதறதும்மா."

திரும்பிப் பார்த்தாள். படுக்கையறை வாசலில் மாமனார் பனியனோடு நின்றார்.

காவலுக்கு உட்கார வைத்த முதல் நாள் மருமகள் அவருக்கு ஒரு கோப்பைத் திறந்து கொடுத்து, இதில் எதையாவது தட்டுங்கள், அழியுங்கள், ஒன்றும் ஆகாது, அறை தூங்காமல் இருந்தால் சரி என்று சொல்லியிருந்தாள். அது அந்தச் சோதனைக் கோப்புதான். வெறுமனே கண்டதைத் தட்ட அவருக்கு மனம் வரவில்லை. ஜன்னல் வழியே பார்த்ததை எழுதினார். இடப்பக்கம் எழுதினால் வலப்பக்கம் ஆப்பின் பக்கத்தில் அப்படியே தெரிந்தது, வேடிக்கையாக இருந்தது. அது நிஜமான மனிதர்களின் போனுக்குப் போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் பார்சல் ஆபீஸ் அம்மாவின் முன்பதிவில், வீல்சேர் வேண்டுமா என்பது போன்றவற்றைச் சொல்வதற்கான குறிப்புப் பெட்டியில், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று இருந்தது. அன்று தெரிந்துகொண்டார். தெரிந்த பிறகு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

பழைய அறை இன்னும் விழித்துத்தான் இருந்தது. மருமகள் அந்தக் கோப்பைத் திறந்தாள். கடைசியாக எழுதியது இது:

'எதிர் மாடிக்காரர் இன்றைக்கும் துணி உலர்த்தும்போது ஒரு சாக்ஸைத் தவறவிட்டுவிட்டார். முன்பு விழுந்தது பச்சை, இது நீலம். இரண்டும் கீழ்வீட்டு ஜன்னல் கூரையில் கிடக்கின்றன. கீழ்வீட்டு அம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மேலே பார்த்தாள். மேலே அவரும் எட்டிப் பார்த்தார். அதற்குள் எனக்கு வேறு வேலை வந்துவிட்டது. மற்றதை அடுத்த முறை சொல்கிறேன், வந்துவிடுங்கள்.'

வருஷக்கணக்காக வாராவாரம் எழுதிப் பிழைக்கிற எனக்கு இப்படி ஓர் இடத்தில் நிறுத்தத் தெரிந்ததில்லை. பொறாமையாகத்தான் இருக்கிறது.

மருமகளுக்குப் புரிந்தது. 'அந்தப் பார்சல் ஆபீஸ் அம்மாவுக்கு மூளை கலங்கிடுச்சு, குறிப்புல சாக்ஸு சாக்ஸுன்னு எழுதறாங்க' என்று நாத்தனார் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. டெப்ளாய் செய்யும்போது, புரோகிராமைச் சேர்த்து வைக்கிற கிடங்கில் அவள் முறையாக ஒப்படைத்த கோப்புகள் மட்டும்தான் புது இடத்துக்குப் போகும். இது சோதனைக் கோப்பு, கிடங்கில் சேர்க்காதே என்று ஆரம்பத்திலேயே சொல்லி வைத்திருந்தாள். அதனால் மாமனார் எழுதியதெல்லாம் அறையிலேயே தங்கிவிட்டது. கோப்பு இல்லாவிட்டால் காட்டுவதற்காக ஆப்புக்குள்ளேயே அவள் எழுதி வைத்திருந்த பழைய 'சோதனை சோதனை' மட்டும் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"கொஞ்சம் இருங்க மாமா. இதையும் சேத்து மறுபடி அனுப்பிடறேன். சீக்கிரம் முடிஞ்சிடும்."

அவள் விரல்கள் பரபரத்தன. மாமனார் குறுக்கே கையை நீட்டினார்.

"வேண்டாம்மா. அவங்க வீடு அடுத்த தெருதானே. நானே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

மருமகள் தட்டுவதை நிறுத்தினாள். அவர் ஆணியிலிருந்து சட்டையை எடுத்து, பட்டன் மாற்றிப் போட்டு, மறுபடி கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தார். செருப்பு எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. இருவருமாகத் தேடினார்கள். அலமாரிக்கு அடியில் தூசியோடு கிடந்தது. மாடிப்படியில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நடுவில் ஒரு தடவை நின்றார். பின்னாலேயே இறங்கிவந்த மருமகளுக்கு, திரும்பிவிடுவாரோ என்று பக்கென்றது. திரும்பவில்லை.

தெருமுனையில் அப்பா வருவதைப் பார்த்த நாத்தனார் வேன் கதவில் வைத்த கையை எடுக்க மறந்து நின்றாள். கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. "அப்பா" என்று மட்டும் சொன்னாள். மாமனார் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நேராகப் பெஞ்சுக்குப் போனார்.

பார்சல் ஆபீஸ் அம்மா மெலிந்த உருவம். தலையை அழுத்தி வாரி, கைக்கடிகாரம் கட்டி, இன்னும் ஆபீசுக்குக் கிளம்புகிறவர் போலவே இருந்தார். நிமிர்ந்து பார்த்து, யார் வேண்டும் என்று கேட்டார்.

"அந்த நீல சாக்ஸ் விஷயமா வந்தேன்" என்றார் மாமனார். "எழுதறது நான்தான்."

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆப் எழுதின பொண்ணுன்னு நெனச்சேனே."

"பொண்ணு இவதான். நான் காவலுக்கு இருந்தேன். இன்னியோட வேலை போயிடுச்சு. இனிமே அது தானாவே ஓடுமாம்."

சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆப் தானா ஓடட்டும், நல்லதுதான்" என்றார் பார்சல் ஆபீஸ் அம்மா. "கதை தானா எழுதிக்குமா?"

மாமனார் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அங்க படுக்க வெச்சா எழுந்திருக்க முடியாது. அசையக்கூட முடியாது. நீங்க எழுதினதைத்தான் படிச்சுப் படிச்சுப் பாப்பேன், அடுத்து என்ன ஆகும்னு நானே யோசிப்பேன். இன்னிக்கு அதுவும் இல்லைன்னா எதுக்குப் போறது?" பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "வந்தது வந்தீங்க, கூட வாங்களேன். அந்தத் துடைப்பக்காரி என்ன பண்ணினான்னு வாயாலயே சொல்லுங்க."

மாமனார் மகளைத் திரும்பிப் பார்த்தார். நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏறறதுன்னா ஏறுங்கப்பா. நேரமாச்சு."

அவர் ஏறினார். ஜன்னலோரத்து இருக்கையைப் பார்சல் ஆபீஸ் அம்மாவுக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்துவிட்டார். கைகளை ஆட்டி, துடைப்பம் பிடிப்பது போலக் காட்டி. வேனில் இருந்த மற்ற நோயாளிகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாத்தனார் உடனே ஓட்டுநர் இருக்கைக்குப் போகவில்லை. மருமகளிடம் வந்தாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்? தெருமுனை வரைக்கும் வாங்கப்பா, காத்து வாங்கிட்டு வரலாம்னு. ஒரு தடவை இறங்கினாரா?"

"அக்கா, எனக்கே இப்பதான்..."

"எனக்காக இறங்கலை" என்றாள். கண் நிரம்பிவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை. "அம்மா போய் இன்னும் வருஷம்கூடத் திரும்பலை." 

மருமகள் அவள் கையைப் பிடித்தாள். நாத்தனார் விடுவித்துக்கொண்டு போய் வேனைக் கிளப்பினாள். அவள் மேல் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்குப் பிறகு அப்பாவை இழுத்துப் பிடித்து நிறுத்தப் படாத பாடு பட்டவள் அவள்தான்.

மருமகள் நடைபாதையில் தனியாக நின்றாள். கையில் இருந்த போன் லேசாக அதிர்ந்தது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, இன்று மட்டும் முன்பதிவுகள் தன் போனுக்கும் வரும்படி வைத்திருந்தாள். புது இடத்துக்குக் குடிபோன ஆப்பில் முதல் முன்பதிவு. யாரும் காவல் இல்லாமல், தடங்கல் இல்லாமல், சரியாக வந்து விழுந்திருந்தது. பார்சல் ஆபீஸ் அம்மா வேனில் உட்கார்ந்தபடியே அடுத்த முறைக்குப் பதிந்திருக்கிறார். ஓர் இருக்கை இல்லை, இரண்டு. கீழே குறிப்புப் பெட்டியில்: 'இனிமேல் எப்போதும் இப்படித்தான்.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறு நிமிடமே அது உறைந்தது. முன்பதிவு எதுவானாலும் அவளுக்கு வருவது போலவே ஓட்டுநரின் போனுக்கும் உடனே போகும். அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள்.

அவள் தலையைத் தூக்கித் தெருக்கோடியைப் பார்த்தாள். சிக்னலில் பச்சை விழுந்திருந்தது. வேன் நகரவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக ஹார்ன் அடிக்க ஆரம்பித்தன.